பழைய காரின் கோடு ஸ்டிக்கரை எடுக்கக் கடையில் விடப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

காரின் பக்கவாட்டில் ஓடும் பழைய கோடு ஸ்டிக்கரை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆக்சசரீஸ் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. எங்கள் குவாலிஸை அப்படி ஒரு கடையில் விட்டு, வலது பக்க பெயிண்ட்டை இழந்துவிட்டோம். இன்னொரு வண்டிக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இதே முறையில் வேலை செய்கிற கடைகள் நிறைய உண்டு. அந்த முறையை அடையாளம் தெரிந்துகொண்டாலே உங்கள் வண்டி தப்பித்துவிடும்.

வண்டி 2003 மாடல், மெரூன் நிறம். அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டர் தகட்டில் தொடங்கிப் பின்பக்கம் வரை சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்குக் கீழே மெல்லிய கோடு. இத்தனை வருட வெயிலில் அந்த ஸ்டிக்கர் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெயிண்ட் மட்டும் நன்றாகவே இருந்தது. வலது பின் கதவு ஒன்றுதான் ஒருமுறை இடிபட்டு வெளியில் பெயிண்ட் அடித்தது. மற்றதெல்லாம் கம்பெனி பெயிண்ட். இதைக் கடையில் முதலிலேயே சொன்னேன்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்ணே. பாலிஷோட சேத்து 1,500 குடுங்க. மத்தியானம் வந்து எடுத்துக்கங்க” என்றார் கடைக்காரர்.

“பெயிண்ட்டுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?”

“எத்தனை வண்டி பாத்திருக்கோம்ணே, ஒன்னும் ஆகாது.”

எதை வைத்து எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, “அதுக்குன்னு மெஷின் இருக்கு” என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். மதியம் போய்ப் பார்த்தபோது ஒரு பையன் பட்டி போடுகிற இரும்புத் தகட்டால் முன் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வேஸ்ட் துணியைத் தின்னரில் முக்கிப் பின் கதவில் தேய்த்துக்கொண்டிருந்தான். துணி முழுக்க மெரூன். நிறுத்துங்கள் என்று நான் கத்தும்போதே வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

சேதத்தைச் சொல்கிறேன். முன் கதவில் தகட்டின் ஓரம் பட்ட இடமெல்லாம் நீளநீளமான கீறல். சிலவற்றில் நகம் மாட்டுகிறது. தின்னர் பட்ட பின் கதவில் பெயிண்ட் இளகி, மினுமினுப்பு போய், சாக்பீஸால் தேய்த்தது போல் வெளுத்துவிட்டது. ஃபெண்டரில் அந்த ‘மெஷினை’ ஓட்டியிருக்கிறார்கள். டிரில்லில் மாட்டுகிற ரப்பர் சக்கரம்தான் அது. வண்டியின் உடம்பில் மேடாக ஓடும் வளைவின் முனையில் அதை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததில் மேல் பூச்சு, நிறம் இரண்டும் போய், நிறத்துக்கு அடியில் பூசும் சாம்பல் ப்ரைமர் தெரிகிறது.

கேட்டால், “பழைய வண்டிண்ணே, பெயிண்ட்டுல உயிர் இல்ல” என்று பதில். காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டு மறைத்துத் தருகிறோம், இல்லையென்றால் அந்தப் பக்கம் முழுக்க புது பெயிண்ட் அடிக்கலாம், அதற்குத் தனி ரேட் என்றார்கள். இரண்டையும் மறுத்துவிட்டேன். கீறலின் மேல் வாக்ஸைப் பூசிப் பளபளப்பாகக் கொடுத்துவிட்டால் அப்போதைக்குத் தெரியாது. ஓரிரு தண்ணீர் வாஷில் வாக்ஸ் போனதும் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குள் பணம் கை மாறியிருக்கும்.

பெயிண்ட்டில் உயிர் இல்லை என்ற பதில் எவ்வளவு பொய் என்பது, எங்களுக்குத் தெரிந்த ஒரு மூத்த பெயிண்டர் வந்து பார்த்தபோது தெரிந்தது. கார் கம்பெனியில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். மினுமினுப்பு, வெயிலிலிருந்து நிறத்துக்குப் பாதுகாப்பு எல்லாம் தலைமுடியைவிட மெல்லிய அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதை இரும்புத் தகட்டால் சுரண்டினால் என்ன மிஞ்சும்? பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றாலும் மிச்சமிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்துத்தான் சமன்செய்ய வேண்டும். வளைவுகளின் முனையில் காம்பவுண்ட், பாலிஷ் எது போட்டாலும் முதலில் தேய்ந்துபோவது அந்த இடம்தான். அதனால்தான் தெரிந்தவர்கள் முனையில் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

தின்னர் விஷயமும் அப்படித்தான். கம்பெனி பெயிண்ட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்து இறுக வைப்பார்கள். அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெளியில் அடிக்கும் பெயிண்ட்டுக்கு அந்தச் சூடு கிடையாது, சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் தின்னர் பட்டதும் கரைந்தே போகும். பின் கதவு வெளியில் அடித்தது என்று சொன்ன பிறகும் அதில் போய்த் தின்னரைத் தேய்த்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டிப் பெயிண்ட்டில் கை வைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

கடைக்காரர்கள் கை வைக்காத இடது பக்கத்தை அந்தப் பெயிண்டரோடு சேர்ந்து வீட்டு வாசலிலேயே எடுத்தோம். தேவைப்பட்டவை தலைமுடி காயவைக்கும் டிரையர், பழைய ஏ.டி.எம். கார்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய், சுத்தமான பருத்தித் துணி. வண்டியைக் கழுவி மண் தூசி இல்லாமல் செய்துவிட்டு நிழலில் நிறுத்தினோம். ஸ்டிக்கரின் ஒரு முனையில் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடேற்ற வேண்டும். தொட்டால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் கையை வைத்திருக்க முடிய வேண்டும். அந்தப் பதத்தில் பசை இளகிவிடும். நகத்தாலோ கார்டாலோ முனையைக் கிளப்பி, வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தாற்போல் மெதுவாக உரித்துக்கொண்டு போக வேண்டும். புது ஸ்டிக்கர் என்றால் ஒரே நீளமாக வரும். எங்களுடையது துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி சூடு காட்ட வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலையே இல்லை இது. அப்படி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

உரித்த பிறகு பிசுபிசுவென்று பசை நிற்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் ஒட்டி வைத்து, அப்புறம் விரலால் உருட்டினால் திரள் திரளாக வந்துவிடும். முதலில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் போன்ற மறைவான இடத்தில் தடவி, துணியில் நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதுவும் பக்கத்தில் டிரையர் ஓடும்போது.

ரப்பர் சக்கரத்தையே குறை சொல்ல மாட்டேன். குறைந்த வேகத்தில், அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே ஓட்டத் தெரிந்தவர் கையில் அது நல்ல கருவிதான். ஒரே இடத்தில் நின்றால் உராய்வுச் சூட்டிலேயே பெயிண்ட் கருகிவிடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் அப்படியே. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களில் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

இடது பக்கம் பெயிண்ட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் கோடு இருந்த தடம் தெரிகிறது. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பழைய மெரூன், சுற்றிலும் வெளுத்த மெரூன். பாலிஷ் போட்டதில் வித்தியாசம் நன்றாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இத்தனை வருடம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தடமே இல்லாமல் போய்விடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், எல்லாக் கோடும் ஸ்டிக்கர் அல்ல. சிலவற்றைப் பெயிண்ட்டாலேயே போட்டிருப்பார்கள். கோட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரி எதுவும் தட்டுப்படாவிட்டால் அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உரிக்க முடியாது, மறு பெயிண்ட்தான் வழி.

வண்டியை விடும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தது இப்போது கை கொடுக்கிறது. கடையில் துண்டுச் சீட்டுதான் நீட்டினார்கள். விடாப்பிடியாக நின்று, செய்த வேலையைக் குறிப்பிட்ட பில்லாக வாங்கினேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் சமரசமாகப் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், பெயிண்ட் அடிக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் பக்கத்திலும் தூரத்திலுமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பெயிண்டரிடம் சேத விவரத்தையும் செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். ப்ரைமர் தெரிகிற இடத்தை மட்டும் மழைக்கு முன் டச்சப் செய்துவிடுங்கள், விட்டால் துரு உள்ளே இறங்கிவிடும்.