கடை வாசல் பனி: சொந்த ஆளா, ஒப்பந்தக்காரரா?

கனடாவின் ஒன்ராறியோவில் கடை, பிளாசா (பல கடைகள் சேர்ந்த வளாகம்) வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்கும்போது குழம்புவது, வாசல் பனியை அகற்றச் சொந்த ஆளை வைப்பதா, ஒப்பந்தக்காரரைப் பிடிப்பதா என்பதில்தான். அங்குள்ள ஒக்யுபையர்ஸ் லயபிலிட்டி சட்டப்படி, வருகிறவர்கள் வழுக்கி விழாதபடி நியாயமான கவனம் எடுப்பது இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமை. வாடகைக்கு இருப்பவருக்கும் அதில் பங்கு வரலாம்.

செலவு
சொந்த ஆள்: பனி குறைந்த வருடம் காசு மிச்சம்.
ஒப்பந்தம்: சீசன் கட்டணம் என்றால் பனி பெய்யாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

சிரமம்
சொந்த ஆள்: விடிகாலை 5 மணிக்கு யார் வருவது? பனிக்கட்டியை உருக்கப் போடும் சாதாரண உப்பும் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது.
ஒப்பந்தம்: அந்தத் தலைவலி ஒப்பந்தக்காரருக்கு.

வழக்கு
சொந்த ஆள்: அவர் விட்ட பிழை உங்கள் தலையில்தான்.
ஒப்பந்தம்: தகுதியானவரைத் தேர்ந்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்றும் பார்த்திருந்தால், அவருடைய கவனக்குறைவுக்கு நீங்கள் பொறுப்பேற்காமல் தப்ப வழி உண்டு. மலிவாக ஒருவரைப் பிடித்துவிட்டு, ‘அதான் ஆள் போட்டாச்சே’ என்று இருந்தால் எடுபடாது. காப்புறுதிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை சென்டிமீட்டர் பனிக்கு வருவார், உறைமழைக்கு உப்புப் போடுவாரா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

2021 ஜனவரி 29 முதல், பனியில் விழுந்தவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குப் போட வழக்கமாக 2 வருடம் இருக்கிறது. அதுவரை நினைவு நிற்குமா? யார் செய்தாலும் ‘காலை 7.10, பின்வாசல் படி, உப்பு’ என்று ஒரு கொப்பியில் குறித்து வைக்க வேண்டும்.

ஒற்றை வாசல், எப்போதும் ஆள் இருக்கும் சின்னக் கடைக்குச் சொந்த ஆள் போதும். வாகனத் தரிப்பிடத்தோடு பிளாசா என்றால் யோசிக்காமல் ஒப்பந்தம்.