ரைசன் 5 1600: ஓவர்கிளாக் செய்து ஓட்டியவனின் புலம்பல்

சித்தி பையன் போனில் கேட்டான். "அண்ணா, ரைசன் 1600 ஒண்ணு பி350 போர்டோட செகண்ட் ஹேண்ட்ல வருது. நீங்கதான் ரொம்ப வருஷமா அதையே ஓட்டுறீங்களே, வாங்கி ஓவர்கிளாக் பண்ணிக்கலாமா?" வேண்டாம் என்றேன். "அப்ப நீங்க மட்டும் ஏன் மாத்தல?" என்று மடக்கினான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ரைசன் 5 1600 என்பது ஏஎம்டி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிராசஸர் சிப், பி350 என்பது அது உட்காரும் மதர்போர்டு வகை, ஓவர்கிளாக் என்றால் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 65 வாட் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். பிறகு திட்டும்போது மனசாட்சி உறுத்தாது.

2017 ஏப்ரலில் இந்தச் சிப் வந்தபோது போட்டியாளரான இன்டெல்லின் ஐ5 என்றால் நான்கு கோர், நான்கு த்ரெட்தான். அதிலும் ஓவர்கிளாக் செய்ய வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் 'கே' இருக்கிற மாடல் வேண்டும், இசட் வரிசை போர்டு வேண்டும், கூலர் தனியாக வாங்க வேண்டும். ஐ5 7600கே அமெரிக்காவில் 242 டாலர், கூலர் இல்லாமல். ரைசன் 1600 கூலரோடு 219 டாலர். அன்றைய ரைசனில் எந்தச் சிப்புக்கும் வேகப் பூட்டு கிடையாது. ஏ320 போர்டைத் தவிர்த்தால் போதும், மலிவான பி350-லேயே வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்குக் கேம் மட்டும் ஆடியவர் ஐ5 வாங்கியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது, பல கேம்களில் அதுதான் முன்னால் நின்றது. எனக்கு வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். முகூர்த்த சீசனில் மூன்று மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டு அதே சிஸ்டத்தில் அடுத்த ஆல்பத்தைத் திறக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆறு கோர் கொடுத்த நிம்மதியை நான்கு கோர் கொடுத்திருக்காது.

1600எக்ஸ் வாங்கலாமா என்று அப்போது யோசிக்காதவர்கள் இல்லை. அதன் விலை 249 டாலர், கூலரும் கிடையாது, உள்ளே இருப்பது அதே சிலிக்கான். பணத்தை மிச்சம் பிடித்து ரேமில் போட்டேன். அந்த ரேமைப் பற்றித்தான் இந்தப் புலம்பல் முழுவதும்.

சிப்பின் ஓவர்கிளாக் கதை சின்னது. எல்லாக் கோரும் வேலை செய்யும்போது தானாக 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) மல்டிப்ளையரை 38 ஆக்கி, அதாவது 3.8 கிகாஹெர்ட்ஸ் ஆக்கி, வோல்டேஜை 1.35 வைத்தேன், நின்றது. 3.9-க்கு 1.4 வோல்ட் கேட்டது. 4.0 என் சிப்புக்குக் கனவு. அந்தத் தலைமுறையில் பெரும்பாலான சிப்புகளும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும், கூலரை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் வராது.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 3.4-ல் சுமார் 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 3.8-க்கும் 1.35-க்கும் போகும்போது வேகம் 12 சதவீதம் கூடுகிறது, மின்சாரம் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அங்கிருந்து 3.9-க்குப் போனால் வேகத்தில் 3 சதவீதம்கூட வராது, மின்சாரம் மட்டும் இன்னொரு 10 சதவீதம். மதுரையில் மே மாத மதியம், ஏசி இல்லாத அறையில் அந்த 10 சதவீதம் என்ன செய்யும் என்பதை ஃபேன் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். 3.8 போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கையால் வேகத்தைக் கட்டிவைத்தால் சிப்பின் சொந்த பூஸ்ட், அதாவது தானாக வேகம் ஏற்றிக்கொள்வது, போய்விடும். 1600-க்கு அதனால் நஷ்டமில்லை, ஏனென்றால் அதன் பூஸ்ட் 3.6-தான், நாம் எல்லாக் கோரையும் 3.8-ல் வைக்கிறோம். பின்னால் வந்த ரைசன் 5600-ல் இதே வேலையைச் செய்தால் ஒற்றைக் கோருக்குக் கிடைக்கிற 4.4-ஐ இழக்க வேண்டிவரும். மல்டிப்ளையரைத் தட்டிவிட்டு நிஜமாகவே லாபம் பார்த்த காலம் கிட்டத்தட்ட இந்தத் தலைமுறையோடு முடிந்தது என்பேன்.

சரி, ரேமுக்கு வருவோம்.

1600-ன் உள்ளே ஆறு கோரும் ஒரே கூட்டமாக இல்லை. மூன்று மூன்றாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 8 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம்) தனித்தனி. ஒரு குழுவில் இருக்கிற தகவல் அடுத்த குழுவுக்கு வேண்டுமென்றால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் 2133-ல் ஓடினால் பாதை 1066 மெகாஹெர்ட்ஸ், 3200-ல் ஓடினால் 1600. அதாவது ரேமை ஏற்றும்போது ரேம் மட்டும் ஏறவில்லை, சிப்பின் நடுவில் ஓடுகிற சாலையும் சேர்ந்து அகலமாகிறது. கேம்களில் 3.4-லிருந்து 3.8-க்குப் போனதைவிட 2133-லிருந்து 3200-க்குப் போனதுதான் எனக்கு அதிகம் தெரிந்தது. வீடியோ எக்ஸ்போர்ட்டில் அவ்வளவு இல்லை, அங்கே கோர் வேகம்தான் பேசும்.

ஆக, இந்தச் சிப்பை ஓவர்கிளாக் செய்வது என்றால் பாதிக்கு மேல் ரேமை ஓவர்கிளாக் செய்வதுதான். ரேமிலேயே எழுதிவைத்திருக்கும் எக்ஸ்எம்பி என்ற வேக புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் ஆரம்பமே.

எங்கள் வீட்டில் இரவு படுக்கும்முன் எல்லா பிளக் பாயிண்டையும் அணைத்துவிட்டுத்தான் அப்பா படுப்பார். டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின், என் சிஸ்டம் என்று பாகுபாடே கிடையாது. காலையில் சுவிட்சைப் போட்டு பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். சில நொடியில் ஃபேன் நிற்கும். மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது போல நாலைந்து தடவை இந்தக் கூத்து நடந்த பிறகு திரையில் வெள்ளை எழுத்தில் செய்தி வரும்: ஓவர்கிளாக் தோற்றுவிட்டது, எஃப்1 அழுத்தவும். உள்ளே போய்ப் பார்த்தால் ரேம் 2133-ல் உட்கார்ந்திருக்கும். என் போர்டு அதோடு விடாமல் சிப்பின் 3.8-ஐயும் சேர்த்துத் துடைத்திருக்கும். சேமித்து வைத்த புரொஃபைலைத் திரும்ப ஏற்றி, சேவ் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆனதும் ஒன்றுமே நடக்காதது போல 3200-ல் கிளம்பும்.

கோபம் வருவது இந்தக் கடைசி வரியால்தான். சூடாக இருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டால் ஒரு பிழை காட்டாது. மூன்று மணி நேர எக்ஸ்போர்ட் ஒரு முறைகூட நடுவில் நின்றதில்லை. பிளக்கை அணைக்காமல் ஷட்டவுன் மட்டும் செய்த நாட்களில் பெரும்பாலும் வராது. மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் குளிர்ந்து கிடந்த பிறகு வரும் முதல் ஸ்டார்ட்டில்தான் வரும்.

காரணம் புரியாத விஷயமல்ல. ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் சிப்பில் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு பேசிப் பார்த்து, சிக்னலை எந்த நேரத்தில் படிப்பது என்று நிர்ணயிக்கும். டிரெய்னிங் என்பார்கள். விளிம்பில் ஓடுகிற ரேமுக்குக் குளிர்ந்த போர்டில் இந்தப் பரீட்சையில் தோற்கிற வாய்ப்பு அதிகம். தோற்றால் போர்டு சில முறை திரும்ப முயன்றுவிட்டு, பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கிவிடும்.

மருந்துகள் சில உண்டு. 2017 நடுவில் ஏஜீசா 1.0.0.6 என்ற ஏஎம்டியின் அடிப்படை மென்பொருள் பயாஸ் அப்டேட்டில் வந்து ரேம் செட்டிங்குகள் நிறையத் திறந்தன, அதற்கு முன் இருந்த நிலை இதைவிட மோசம். ரேம் வோல்டேஜ் 1.35 வைத்தால் மட்டும் போதாது. டிரெய்னிங் நேரத்துக்கென்று தனியாக டிராம் பூட் வோல்டேஜ் என்று ஒன்று சில போர்டுகளில் இருக்கும். அதையும் 1.35 ஆக்க வேண்டும். எனக்கு மிக அதிகமாக உதவியது அதுதான். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.1 வரை ஏற்றினேன், ரேம் சிக்னல் பாதையின் மின்தடையான பிராக்ஓடிடி-யை 53 ஓம் பக்கம் மாற்றினேன். தினமும் வந்தது வாரத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

நியாயமாகப் பேசினால் சிப் மேல் குற்றமில்லை. ஏஎம்டி இந்தத் தலைமுறைக்கு எழுத்தில் கொடுத்தது 2666 வரைதான். 3200 என்பது போர்டுப் பெட்டியில் பெரிய எழுத்திலும், பக்கத்தில் ஓவர்கிளாக் என்று குட்டி எழுத்திலும் அச்சிட்டது. போர்டுக் கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், மெயில் போட்டேன். தங்கள் பட்டியலில் உள்ள ரேமைப் பயன்படுத்தச் சொல்லிப் பதில் வந்தது. பட்டியலில் இருந்ததில் பாதி நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படாதவை. சாம்சங் பி-டை என்ற நினைவகச் சிப் இருக்கிற ரேம் போட்டவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, ஆனால் அதற்குக் கொடுக்கிற கூடுதல் விலையில் பட்ஜெட் சிப் என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

2933-ல் வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் குளிரிலும் முதல் அழுத்தத்திலேயே கிளம்பும். 2933-க்கும் 3200-க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. தெரிந்தும் 3200-லேயே வைத்திருக்கிறேன். காசு கொடுத்தது 3200-க்கு.

போன மாதம் திடீரென்று மறுபடி தினமும் வர ஆரம்பித்தது. இந்த முறை வேறு நோய். அடையாளம் எளிது: காலையில் விண்டோஸில் தேதி சரியாக இருந்தால் ரேம் டிரெய்னிங் தோற்றது, தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்தது. பிளக் அணைந்திருக்கும்போது செட்டிங்குகளைக் காப்பாற்றுவது அந்த நாணய அளவு பேட்டரிதான். நாற்பது ரூபாய் வேலை. பேட்டரி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்ததால் கார்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியதோடு கூலரையும் எடுத்துத் தூசி தட்டுவோம் என்று ஸ்க்ரூவைத் தளர்த்தினேன்.

இந்தச் சிப் உட்காரும் ஏஎம்4 வகையில் பின்கள் சாக்கெட்டில் இல்லை, சிப்பின் அடியில் இருக்கும், 1331 பின். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் இறுகிப்போனால் கூலரைத் தூக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப்பும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இந்த சாக்கெட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் சிஸ்டத்தைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சூட்டோடு கூலரை இடம் வலமாகத் திருகித்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், அப்படியும் வந்தது. ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. முள் எடுத்த மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை அந்தப் பின்னில் நுழைத்து, வரிசைக்கு நேராகும்வரை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். மறுபடி உட்கார வைத்ததும் முதல் முயற்சியிலேயே 3.8-ல் ஓடியது. இந்தச் சிப்பைத் திட்ட எனக்கு மனம் வராதது இப்படிப்பட்ட நேரங்களால்தான்.

இப்போது தம்பிக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் சிப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. லினக்ஸ் போடுவேன் என்றால் போடலாம், ஆனால் 2017-ன் ஆரம்ப காலச் சிப்புகள் சிலவற்றில் லினக்ஸில் கனமான கம்பைல் (மூலக் குறிப்பிலிருந்து புரோகிராம் உருவாக்கும்) வேலை ஓடும்போது புரோகிராம்கள் செத்து விழும் கோளாறு இருந்தது. ஏஎம்டி ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. மாற்றி வாங்காத சிப்பா என்பது விற்கிறவருக்கே தெரியாது. அதே சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 5500-க்கு 3200 ரேம் எழுத்திலேயே உண்டு. பூஸ்ட் 4.2, அதே 65 வாட், நீ பயாஸ் பக்கம் போகவே வேண்டாம். எந்தப் பக்கம் கணக்கு போட்டாலும் 1600 வாங்காதே என்றுதான் வரும்.

நான் ஏன் மாற்றவில்லை என்றால் என் வேலை இதில் முடிகிறது, அவ்வளவுதான். அது மட்டுமில்லை, 3200 ஒழுங்காக ஒரு மாதம் ஓடாமல் இதை விட எனக்கு மனசில்லை. அது உனக்கு எடுத்துக்காட்டு ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கித்தான் தீருவேன் என்றால் பேஸ்டைத் துடைத்து சிப்பின் உலோக மூடியில் எழுதியிருப்பதைப் படி. ஒய்டி1600-க்குப் பிறகு வரும் எழுத்துகளில் ஏஈ என்று இருந்தால் என்னுடையதுபோல 14 நானோமீட்டர் பழசு. ஏஎஃப் என்று இருந்தால் 2019 கடைசியில் அதே பெயரில் வந்த 12 நானோமீட்டர் சிப், ரேமோடு இவ்வளவு சண்டை போடாது. ஏஈ-க்கு ஏஎஃப் விலை சொன்னால் எழுந்து வந்துவிடு.