தொட்டி ஒன்றுதான்: புதினாவா, கற்பூரவள்ளியா?

எங்கள் பால்கனியில் வெயில் படுகிற இடம் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இருக்கிறது. அதில் எதை வைப்பது என்று வீட்டில் இரண்டு கட்சி. இரண்டையும் மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்தாயிற்று.

சமையல் என்றால் பேச்சே இல்லை, புதினாதான். துவையல், பிரியாணி, புதினா சாதம் என்று வாரம் ஒரு கட்டாவது ஓடிவிடும். (துவையல் கறுத்துப் போகிறது என்பவர்கள், இலை சுருண்டதும் அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு அரைத்துப் பாருங்கள்.) கற்பூரவள்ளியில் பஜ்ஜி போடலாம். கெட்டியான, மெல்லிய ரோமம் படர்ந்த அந்த இலையைக் கடலைமாவில் தோய்த்துப் போட்டால் ஓம வாசத்தோடு பிரமாதமாக இருக்கும், ஆனால் எத்தனை நாள்தான் பஜ்ஜி சாப்பிடுவது? புதினாவில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்பார்கள், சரி, பிரியாணியில் போடுகிற ஒரு கைப்பிடியில் எவ்வளவு கிடைத்துவிடும்?

சளிக்கு வந்தால் கதை மாறுகிறது. புதினா என்றாலே மெந்தால் என்று நினைக்கிறோம். நம் சந்தையில் பெரும்பாலும் கிடைக்கிற புதினாவின் வாசம் கார்வோன் என்கிற பொருளால் வருவது, அதில் மெந்தால் கொஞ்சம்தான். மெந்தால் நிறைந்தது பெப்பர்மின்ட்டும், தைலத்துக்காக உத்தரப் பிரதேசத்தில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிற இன்னொரு புதினாவும். அந்த மெந்தாலும் மூக்கடைப்பைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, நமக்கு மூச்சு தாராளமாகப் போவதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கற்பூரவள்ளியில் இருப்பது கார்வக்ரோல், தைமால் என்கிற வாசனைப் பொருட்கள். ஓமத்தில் இருக்கிற அதே தைமால், அதனால்தான் ஓமவல்லி என்றும் பெயர். இலையை அனலில் வாட்டிப் பிழிந்து தேனோடு கொடுப்பது பாட்டி வழக்கம், தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் மட்டும் வேண்டாம். மெந்தால் தைலத்தையும் பிஞ்சுக் குழந்தையின் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வயிற்றுக்குப் புதினா இனம் ஜெயிக்கிறது, ஆனால் ஒரு கொக்கியோடு. பெப்பர்மின்ட் எண்ணெய் குடல் தசையைத் தளர்த்தும், அதனால் எரிச்சல் குடல் நோயில் (அடிக்கடி வயிறு வலித்து, மலம் போவதும் முறை தவறுகிற தொல்லை, IBS) வயிற்றுப் பிடிப்புக்கு அதை மாத்திரையாகவே கொடுக்கிறார்கள். அதே தளர்ச்சி உணவுக்குழாயின் அடி வாசலிலும் நடந்தால் அமிலம் மேலே ஏறும், மாத்திரைக்குக் குடலில் போய்க் கரைகிற மாதிரி மேலுறை போடுவது இதற்காகத்தான். நான் நெஞ்செரிச்சலுக்கு மருந்து என்று நினைத்து ராத்திரி பெப்பர்மின்ட் டீ குடித்துவிட்டு, இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தவன்.

வளர்ப்பதில் புதினா பாடாய்ப் படுத்தும். மே மாத வெயிலில் ஒரு நாள் தண்ணீர் மறந்தால் தொங்கிவிடும், மறக்காமல் ஊற்றினால் தொட்டி முழுக்க வேரோடி வேறெதையும் வாழ விடாது. கற்பூரவள்ளி ஒரு தண்டை ஒடித்துச் செருகினால் போதும், தண்ணீர் அதிகமானால்தான் அழுகும்.

என் ஓட்டு கற்பூரவள்ளிக்கு. புதினா எந்தக் காய்கறிக் கடையிலும் கட்டாகக் கிடைக்கிறது, ஓமவல்லி இலை கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். புதினாக் கட்சி இன்னும் ஓயவில்லை. இலை கிள்ளிய தண்டுகள் நாலைந்து சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்கின்றன, கணுவில் வெள்ளையாக வேர் விட்டிருக்கிறது.