இலவச விண்டோஸ் 11-க்கு 4,500 ரூபாய் வாங்கும் கடைகள்: உஷார்

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, லேப்டாப் சர்வீஸ் கடைகளில் ‘ஓஎஸ் அப்கிரேடு’, அதாவது விண்டோஸ் 11-க்கு மாற்றித் தரும் வியாபாரம் நன்றாக ஓடுகிறது. அதில் 4,500 ரூபாயை இழந்தவர் என் சித்தப்பா.

வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர். ‘ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ, லைஃப்டைம்’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. சில மாதம் கழித்து, திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுத்து வந்தது. கடையில் கேட்டால், “அப்டேட் போட்டிருப்பீங்க சார், அதான் போயிருக்கும். வேற லைசென்ஸ் கீ போட 1,200 ஆகும்” என்கிறார்கள். அப்டேட் வேண்டும் என்றுதானே ஐயா 4,500 கொடுத்தது!

லேப்டாப்பை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அது ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோமோடு வந்த லேப்டாப். இன்டெல் பத்தாம் தலைமுறை, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0-உம் இருக்கிறது. இப்படிப்பட்ட லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. கடைக்காரர் அந்த ஒரிஜினல் ஹோமை அழித்துவிட்டு, கேஎம்எஸ் முறையில் ப்ரோ பதிப்பை ஏற்றியிருக்கிறார். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான ஆக்டிவேஷன் முறை. 180 நாளுக்குள் ஒரு முறையாவது நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், ‘உங்கள் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை’ என்கிறது. எந்த நிறுவனம்? சித்தப்பாவின் டைனிங் டேபிளா?

இதைவிட மோசம், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யாதே என்று விலக்கி வைத்திருந்தார்கள். அடுத்தவர்களின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிற மெஷினில்! 4,500 போனதைவிட எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவ் வழியாக விண்டோஸ் 11 ஹோம் போட்டேன். ஒரிஜினல் கீ லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள பயாஸிலேயே இருப்பதால் எதுவும் கேட்கவில்லை. நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. செலவு எதுவும் இல்லை.

பேக்கப் எடுத்து இன்ஸ்டால் செய்து தர ஐந்நூறோ எழுநூறோ கூலி கேட்டால் கொடுக்கலாம், அது உழைப்பு. லைசென்ஸுக்கு என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைப்பது), ரிமோட் டெஸ்க்டாப் (வேறு இடத்திலிருந்து இந்த லேப்டாப்பை இயக்குவது) மாதிரி ஏதாவது தேவைப்பட்டு ப்ரோவுக்கு மாறுவதானால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே வாங்குங்கள். சித்தப்பாவுக்கு அது எதுவுமே தேவையில்லை.

லேப்டாப் பழசா? விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா என்று ‘பிசி ஹெல்த் செக்’ ஆப் சொல்லிவிடும். இல்லை என்றால், தடையைத் தாண்டி ஏற்றித் தருவதாகக் கடையில் சொல்வார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்கும் காசில்லை.

கடைக்காரர் ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, மீதி ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று சொல்லிவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன பதிவு இருக்கிறது.