மொட்டைமாடிச் சூட்டுக்கு எது: பெயின்ட்டா, சுண்ணாம்பா, டைல்ஸா?

மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களைக் கேளுங்கள்: சித்திரை வெயிலில் பகலைவிட ராத்திரி பத்து மணிதான் கொடுமை. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம், நாம் படுத்த பிறகு அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்தால் சுடும். ஃபேன் போட்டாலும் அனல்தான்.

இதற்குத்தான் 'இன்சுலேஷன் பெயின்ட்' என்று விற்கிறார்கள். பெயரிலேயே கொஞ்சம் பித்தலாட்டம் இருக்கிறது. இரண்டு கோட் அடித்தாலும் காய்ந்த படலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதில் எந்த செராமிக் தூளைக் கலந்தாலும், 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பிளாஸ்டிக் நுரை) பலகை தடுக்கிற அளவுக்கு வெப்பத்தைத் தடுக்காது. அமெரிக்காவில் பெயின்ட்டுக்கு இப்படி இன்சுலேஷன் மதிப்பு சொல்லி விற்ற நான்கு நிறுவனங்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2020இல் வழக்கே போட்டது.

அப்படியானால் பெயின்ட் வீணா? இல்லை. அது வெள்ளையாக இருப்பதால் வேலை செய்கிறது. வெறும் சிமென்ட் தளம் தன் மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் 80 சதவீதம் வரை திருப்பிவிடும். வெயில் படாத உள்சுவரில் இதை அடிப்பது காசைக் கரியாக்குவது. மாடியில் வேறு வீடு இருந்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் இதனால் பெரிய லாபம் இல்லை.

வெள்ளைதான் காரணம் என்றால் சுண்ணாம்பு போதாதா? ஒரு கோடைக்குப் போதும். பசை கலந்து இரண்டு கை அடித்தால் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், செலவும் சொற்பம். ஐப்பசி மழையில் பாதி போய்விடும், அவ்வளவுதான். வாடகை வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

சொந்த வீடென்றால் வெளித்தளத்துக்கென்றே வரும் கூல் ரூஃப் பெயின்ட். ஆனால் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால், தண்ணீர் தேங்கும் மூலையில் முதல் மழைக்கே அப்பளமாக உரியும். தூசி படியப் படிய வெள்ளையின் வேகமும் குறையும். மாசி முடிவதற்குள் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

கூலிங் டைல்ஸ் பல ஆண்டு உழைக்கும், நடமாட்டத்தையும் தாங்கும். விலை பெயின்ட்டைப் போலப் பல மடங்கு, தளத்துக்குப் பாரமும் கூடும். இணைப்பு வழியே தண்ணீர் இறங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கொத்தனாரும் நாமும் ஒருவழியாகிவிடுவோம். செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்ட பழைய சுருக்கித் தளம் நன்றாக இருந்தால் அதை உடைக்காமல் மேலே வெள்ளை அடிப்பதே புத்திசாலித்தனம்.

ராப்பகலாக ஏசி ஓடும் வீடு வேறு கணக்கு. குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதி, கூரையின் யு மதிப்பு (தளம் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்ற அளவு; குறைந்தால் நல்லது) 1.2ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3ஐத் தாண்டும். பெயின்ட் அடிப்பதால் அந்த எண் அசையாது. அங்கே பலகை இன்சுலேஷன் போட்டு மேலே வெள்ளையும் அடிக்க வேண்டும்.

சோலார் பேனல் போடும் யோசனை இருந்தால், பேனல் வரும் இடத்துக்கும் சேர்த்து பெயின்ட் வாங்க வேண்டாம். வெயிலை அதன் நிழலே தடுத்துவிடும்.