பேச்சு வராத பிள்ளைக்கு எது நல்லது: படஅட்டையா, சைகையா, பேசும் கருவியா?

என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பேச்சு வராது. அவனுடைய படப் புத்தகத்தில் பந்து, ஊஞ்சல், தண்ணீர், கார் என்று இருபது அட்டைகள் இருந்தன. எல்லாம் லேமினேட் செய்து வெல்க்ரோவில் ஒட்டியவை. ஒரு நாள் புதிர்ப் பலகை ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். அவன் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தான். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு என் கையைக் கடித்தான். அவன் தேடியது 'வேண்டாம்' அட்டையை. அதை நாங்கள் செய்து வைக்கவே இல்லை.

அன்றிலிருந்து எந்த முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை வைத்து ஒரு பிள்ளையால் மறுக்க முடியுமா? கேட்பதற்கு மட்டும் வழி இருந்தால், அந்தப் பிள்ளையிடம் பாதி மொழிதான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளைகளுக்கு முழுமையான சைகை மொழி கிடைக்க வேண்டும் என்பது தனிப் பேச்சு. இங்கே நான் சொல்வது, காது கேட்டும் பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றி: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்.

படஅட்டைப் பரிமாற்றத்தில் இருந்து தொடங்கலாம். 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போண்டியும் லோரி ஃப்ராஸ்டும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்காக உருவாக்கியது. சுருக்கமாகப் பெக்ஸ் என்பார்கள். மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்துக்கே இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிள்ளைக்கு எதிரே பொருளோடு இருப்பார். இன்னொருவர் பின்னால் இருந்து, பிள்ளையின் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க வைப்பார். வாயால் எதுவும் சொல்லித் தூண்டக் கூடாது. இதன் பலம் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: ஒருவரிடம் போய், அவர் கவனத்தைத் திருப்பி, ஒன்றைக் கேட்கலாம் என்பதைப் பிள்ளை உடம்பால் கற்றுக்கொள்கிறது. யார் பக்கமும் திரும்பாத பிள்ளை ஓர் அட்டையோடு அறையைக் கடந்து வந்து நம் கையில் கொடுப்பதைப் பார்த்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் 'எனக்கு வேண்டும்' என்று கேட்பதிலேயே பயிற்சியின் பெரும்பகுதி போய்விடுகிறது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொல்வது ஆறாவது கட்டத்தில்தான். பல வகுப்பறைகள் மூன்றாம் கட்டத்திலேயே நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அட்டை என்பது கேட்டு வாங்குவதற்கான சீட்டாக மாறிவிடுகிறது. இதைத் தொடங்கினால் 'வேண்டாம்', 'போதும்', 'நிறுத்து' மூன்றையும் முதல் வாரத்திலேயே சேர்த்து, பிள்ளை அதைக் காட்டும்போது உண்மையிலேயே நிறுத்தவும் வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்த அட்டைக்குப் பொருளே இல்லை.

சைகைக்கு எதுவும் வாங்க வேண்டாம், எதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கை எப்போதும் கூடவே இருக்கிறது. 1970-களில் இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் உருவாக்கிய மகடான் இதில் பெயர் பெற்றது. முழு வாக்கியத்தையும் வாயால் பேசிக்கொண்டே முக்கியமான சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவது அதன் வழி. டவுன் நோய்க்குறி உள்ள சின்னப் பிள்ளைகள் பலர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பேச்சு வருவதற்கு முன்பே 'இன்னும்' என்று கை காட்டும்போது வீட்டில் பாதி அழுகை நின்றுவிடும். குறை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை கற்றால் போதாது, சுற்றியிருப்பவர்களும் கற்க வேண்டும். மாற்று ஆசிரியர் வந்த நாளில் பிள்ளை ஊமையாகிவிடும். கை விரல்கள் ஒத்துழைக்காத மூளை முடக்குவாதப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் சரிவராது.

தொடர்புப் பலகை ஏனோ யாருக்கும் கவர்ச்சியாகத் தெரிவதில்லை. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஒரு பெரிய தாளில் ஐம்பது அறுபது படங்கள். பெயர்ச்சொற்களை விட 'போ', 'வா', 'கொடு', 'பார்', 'இன்னும்', 'வேண்டாம்', 'என்ன', 'நீ', 'நான்' போன்ற சொற்களே அதிகம் இருக்க வேண்டும். நாம் அன்றாடம் பேசுவதில் சுமார் 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தமிழில் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லில் ஒரு முழு மறுப்பு முடிந்துவிடுகிறது என்பது நமக்கு ஒரு வசதி.

பலகை வேலை செய்வது பெரியவரின் விரலால்தான். 'வா, போகலாம்' என்று சொல்லும்போதே நாம் அந்தப் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிள்ளை உடனே பதிலுக்குத் தொட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கைக்குழந்தையிடம் மாதக் கணக்கில் பேசிய பிறகுதானே முதல் சொல்லே வருகிறது? கை நீட்ட முடியாத பிள்ளைக்கு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் மூலைகளில் படங்களை ஒட்டி நமக்கும் பிள்ளைக்கும் நடுவே பிடிக்கலாம். எந்த மூலையைப் பார்க்கிறது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும்.

பேசும் கருவி என்றால் இன்று பெரும்பாலும் டேப்லெட்டில் ஒரு செயலி. படத்தைத் தொட்டால் குரல் வரும். அந்தக் குரல் செய்யும் காரியத்தை வேறு எதாலும் செய்ய முடியாது. அட்டையையும் பலகையையும் கைச்சைகையையும் நாம் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. குரலோ நம்மைத் திரும்ப வைக்கும். கடைசி வரிசையில் இருந்து ஒரு சிறுமி, பாடத்தின் நடுவே, 'முடிஞ்சுது' பொத்தானை நான்கு முறை அழுத்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. என் பேச்சை ஒரு மாணவி குறுக்கே நிறுத்தினாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல்களும் உண்டு. சார்ஜ் தீரும், வெயிலில் திரை தெரியாது. பல செயலிகளின் அமைப்பு ஆங்கிலத்தை ஒட்டியது. தமிழில் 'வீட்டுக்கு', 'வீட்டில்' என்று சொல் மாறும் இடத்தில் 'நான் வீடு போ' என்றுதான் பேசும். பொருள் புரிகிறது என்றால் அதைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். பொத்தான்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், விரல் அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. பேசும் பிள்ளை குறும்பு செய்தால் வாயையா கழற்றி வைக்கிறோம்?

இவை எல்லாவற்றுக்கும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: 'இதைப் பழகினால் பேச்சே வராமல் போய்விடுமே?' போகாது. 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் 27 பேரின் விவரங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதத்தினருக்குச் சற்றாவது கூடியிருந்தது. பெரும்பாலும் சிறிய முன்னேற்றம்தான், ஆனால் பயத்துக்கு இடமில்லை. முதலில் பேச்சுக்கு முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் படம் என்று ஆண்டுகளைக் கடத்துவதுதான் உண்மையான நஷ்டம்.

விலக்க வேண்டிய முறையும் ஒன்று இருக்கிறது. பெரியவர் பிள்ளையின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தட்ட வைப்பது. 1990-களின் தொடக்கத்தில் பரவிய இதைச் சோதித்தபோது, பிள்ளைக்கு ஒரு படமும் கை பிடித்தவருக்கு வேறு படமும் காட்டினார்கள். எழுத்தில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படம். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. பிள்ளையின் பெயரில் இன்னொருவர் பேசுவதை விட அமைதியே மேல்.

சரி, எதை எடுப்பது? யாரிடமும் போகாத பிள்ளைக்குச் சில மாதங்கள் அட்டைப் பரிமாற்றம், அதோடு பக்கத்திலேயே பலகை. விரல் நன்றாக வளையும் சிறு பிள்ளைக்குச் சைகை, வீட்டில் இரண்டு பேராவது கற்கத் தயார் என்றால். கருவி வாங்க முடிந்தால் தகுதி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே. அதன் திரையை அப்படியே அச்செடுத்து லேமினேட் செய்து பையில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்த நேரத்திலும் அதே இடத்தில் அதே 'வேண்டாம்' இருக்கும்.