கல், காளை, கத்திரி வெயில்: வேலூரில் மூன்று கேமராக்களோடு

என்னிடம் மூன்று கேமராக்கள் இருக்கின்றன: நிக்கான் டி7200, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி3, நிக்கான் இசட்6. முதலாவது 2015இல் வெளிவந்த டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாகக் காட்சியைப் பார்க்கும் வகை. மற்ற இரண்டும் 2018இல் வந்த மிரர்லெஸ்: அந்தக் கண்ணாடி இல்லை, காட்சியைச் சிறு திரையில் காட்டும். பல ஆண்டுகளாக மூன்றும் வேலூரையும் பழைய வடாற்காட்டையும் சுற்றியே உழைத்திருக்கின்றன: கோட்டை, விரிஞ்சிபுரம், குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்கள், ஜவ்வாது மலை. எண்களை மட்டும் பார்த்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்: 24.2, 26.1, 24.5 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோயில் மண்டபத்தின் இருட்டும், மே மாத வெயிலும், காளை ஓடும் தெருவின் புழுதியும் இந்த மூன்றையும் வெகுதூரம் பிரித்துவிடுகின்றன. நம் ஊருக்கு எது பொருந்தும் என்பதை அந்த இடங்கள்தான் எனக்குக் காட்டின.

நான் அதிகம் எடுப்பது கல். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூண்களில் பாயும் யாளிகள், குதிரை வீரர்கள், விதானத்தில் பூவைச் சுற்றித் தொங்கும் கிளிகள் என்று விஜயநகரக் காலச் சிற்பிகள் கருங்கல்லில் செய்யாதது இல்லை. வெளியே கண் கூசும் வெயில் அடிக்கும்போது மண்டபத்துக்குள் சில அடிகள் தள்ளிப் போனாலே ஒளி சட்டென்று வடிந்துவிடும். கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் முன் அனுமதி இல்லாமல் முக்காலி நிறுத்த முடியாது. கருவறைப் பக்கம் கேமராவை எடுக்கவே கூடாது. மண்டபத்திலும் கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. ஆகவே எல்லாப் படமும் கைப்பிடியில்தான்.

டி7200இல் அந்த உள்தூண்களை எஃப் 4 துளையில் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலும்) எடுத்தால் 1/60 நொடிக்கு ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. படம் கிடைக்கும், ஆனால் யாளியின் பல் வரிசையும் கடிவாளத்தின் முறுக்கும் இரைச்சலில், அதாவது படத்தில் தெறிக்கும் புள்ளிகளில், மழுங்கிவிடும். உளி போன தடம் தெரியாத சிற்பப் படம் எனக்குப் படமே அல்ல. இசட்6இல் சென்சாரே ஐந்து அச்சுகளில் அசைந்து கை நடுக்கத்தை ஈடுகட்டுகிறது. நிறுவனம் 5 ஸ்டாப் என்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). நான் நம்பி எடுப்பது மூன்று ஸ்டாப் வரை. அந்த மூன்றே போதும். அதே தூண், அதே எஃப் 4, ஷட்டர் 1/8 நொடி, ஐஎஸ்ஓ 800. போதாததற்கு மற்ற இரண்டையும்விடப் பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்பதால் அதே ஐஎஸ்ஓவிலும் இரைச்சல் குறைவு. கல்லின் சொரசொரப்பு விரல் வைத்துப் பார்க்கலாம் போல வந்து நிற்கிறது. முக்காலிக்குத் தடை உள்ள கோயில்களைப் படம் எடுப்பவருக்குச் சென்சார் நிலைப்படுத்தல் ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை. எக்ஸ்-டி3இன் பாடியில் அது கிடையாது. 18-55 மி.மீ. லென்ஸில் உள்ள நிலைப்படுத்தி ஓரளவு கைகொடுக்கும். எனக்குப் பிடித்த 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் அதுவும் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. நிலைப்படுத்தல் அசையாத பொருளுக்கு மட்டுமே உதவும். தூணோரம் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மா தலையைத் திருப்பினால் 1/8 நொடியில் முகம் கரைந்துவிடும். ஆட்களுக்கு வேகமான ஷட்டரும் அகலத் துளையும்தான் வழி. அங்கே எக்ஸ்-டி3யும் அந்த 35 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் மனம் நிறைகிறது.

எக்ஸ்-டி3யைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் சென்சாரில் நிற வடிகட்டிகள் வழக்கமான 2×2 அடுக்கில் இல்லாமல் 6×6 அடுக்கில் இருக்கின்றன. கருங்கல்லின் நுண்ணிய புள்ளிகளை எடுத்து, ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பை) லைட்ரூம் மென்பொருளில் மற்ற கேமராப் படங்களுக்குச் செய்வது போலவே கூர்மையேற்றினால், அந்தப் புள்ளிகள் புழு நெளிவது போன்ற கோடுகளாக மாறிவிடுகின்றன. கூர்மையை அடக்கி வைத்தாலோ கேப்ச்சர் ஒன் போன்ற வேறு மென்பொருளுக்குப் போனாலோ தொல்லை பெரிதும் குறைகிறது. ஆனால் அந்தக் கேமரா தானே தரும் ஜேபெக் படம் இருக்கிறதே, அதில் ‘ஆக்ரோஸ்’ என்ற கறுப்பு வெள்ளைச் சாயலுக்கு இணையாக மற்ற இரண்டிலும் எதையும் நான் காணவில்லை. விரிஞ்சிபுரம் மதிலழகு என்று நம் பக்கம் சொல்வார்கள். மார்க்கபந்தீசுவரர் கோயிலின் அந்த உயர்ந்த மதில் மீது மாலை வெயில் சாய்வாக விழும்போது ஆக்ரோஸில் எடுத்துப் பாருங்கள். கல்லுக்குக் கல் உள்ள மேடுபள்ளமும் இணைப்புக் கோடும் தனித்தனியாகப் பேசும். கணினியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் உழைத்தாலும் ரா கோப்பிலிருந்து அந்தச் சாயலை என்னால் கொண்டுவர முடிவதில்லை.

இனி காளைகள். தை பிறந்ததும் வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் காளை விடும் விழாக்கள் தொடங்கிவிடும். தென் மாவட்டத்து ஏறுதழுவுதல் போல இங்கே யாரும் காளையை அணைப்பதில்லை. இருபுறமும் தடுப்புக் கட்டிய தெருவில் ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை எது குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. கொம்பில் வண்ணமும் கழுத்தில் மாலையுமாக நேராக நம்மை நோக்கி வரும் காளைக்கு நமக்குக் கிடைப்பது சில நொடிகள். முன்னும் பின்னும் கூட்டம், கைகள், துண்டுகள், புழுதி. ஆட்டோஃபோகஸுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு நம் ஊரில் இல்லை.

இங்கே இன்றும் நான் கழுத்தில் மாட்டிப் போவது மூன்றில் மூத்ததான டி7200. அதன் 51 புள்ளி ஃபோகஸில் நடுப்பகுதி ஒன்பது புள்ளிகளைத் தொடர் ஃபோகஸில் வைத்து, 70-300 மி.மீ. லென்ஸில், ஷட்டரை 1/1000க்குக் குறையாமல் நிறுத்திக்கொள்வேன். கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதால் காளை இருக்கும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. திரை புதுப்பிக்கப்படும் தாமதம் இல்லை. நொடிக்கு 6 படங்கள்தான். 14 பிட் ராவில் தொடர்ந்து 18 படங்களுக்குள் இடைநிலை நினைவகம் நிறைந்துவிடும். ஆகவே காளை அவிழ்த்த உடனே விரலை அழுத்திப் பிடித்தால் நல்ல கணம் வரும்போது கேமரா மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். காத்திருந்து, நான்கு கால்களும் மண்ணைவிட்டு எழும் தூரத்துக்குள் காளை வந்த பிறகு அழுத்த வேண்டும்.

இசட்6 நொடிக்கு 12 படங்கள் எடுக்கும். ஆனால் அந்த வேகத்தில் வியூஃபைண்டரில் தெரிவது சற்றுமுன் எடுத்த படங்களின் வரிசை. பக்கவாட்டில் நகர்வதைத் தொடரும்போது அது பரவாயில்லை; குறுகிய தெருவில் நேராகப் பாய்ந்து வருவதைச் சட்டத்துக்குள் வைத்திருக்கக் கடினம். நேரடிக் காட்சி வேண்டுமென்றால் 5.5 படங்களுக்கு இறங்க வேண்டும். எக்ஸ்-டி3 இவ்விரண்டுக்கும் நடுவில். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 11 படங்கள், காட்சியும் தெளிவு. ஃபோகஸ் பகுதியைச் சிறிதாக வைத்து நாமே காளையின் நெற்றியில் நிறுத்தினால் உறுதியாகப் பிடிக்கிறது. தேர்வை முழுவதும் கேமராவிடம் விட்டால் தடுப்போரம் நிற்பவரின் பளிச்சென்ற சட்டைக்குத் தாவக்கூடும். எந்தக் கேமராவானாலும் தடுப்புக்கு வெளியே நின்று எடுங்கள். விழாக்குழுப் பெரியவர்கள் “தம்பி, உள்ளே வராதீர்கள்” என்றால் அந்தக் கணமே பின்வாங்குங்கள். எந்தப் படமும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

புழுதிக்காக இன்னொரு எச்சரிக்கை. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். இந்த இரண்டு மிரர்லெஸ்களிலும் சென்சார் திறந்தே கிடக்கும். சிவராத்திரியை அடுத்துப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையின்போது மணல் காற்றில் லென்ஸ் மாற்றினால் பிறகு வானம் வரும் ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளி தேடித் துடைக்க வேண்டியதுதான். தலா ஒரு லென்ஸ் மாட்டிய இரண்டு பாடிகளோடு போவதே நான் கண்ட தீர்வு.

வெயிலைச் சொல்லாமல் வேலூரைச் சொல்ல முடியாது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நண்பகலில் பின்புறத் திரையில் எதுவும் தெரியாது. அப்போது மின்னணு வியூஃபைண்டரின் அருமை புரியும்: எடுத்த படத்தைக் கண்ணை எடுக்காமலே அதற்குள் பார்த்து, கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுத்துவிட்டதா என்று அங்கேயே திருத்திக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்தூரத்தையும், அதாவது வியூஃபைண்டரிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக் காட்சி தெரியும் என்பதையும், கவனியுங்கள். டி7200இல் 19.5 மி.மீ., இசட்6இல் 21, எக்ஸ்-டி3இல் 23. சிறிய வேறுபாடுதான், வியர்வையில் கண்ணாடி வழுக்கும்போது சட்டத்தின் நான்கு மூலையும் தெரிவது பெரிய நிம்மதி.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆரை அடிக்க ஆளில்லை. தரநிலைக் கணக்கில் டி7200க்கு 1110 படங்கள், எக்ஸ்-டி3க்கு 390, இசட்6க்கு 310. நடைமுறையில் மிரர்லெஸ்கள் இந்த எண்ணிக்கையைத் தாண்டியே எடுக்கின்றன. இருந்தாலும் ஒரு முழுநாள் திருவிழாவுக்கு உபரி பேட்டரிகள் கட்டாயம். டி7200இன் பேட்டரி இசட்6க்கும் பொருந்துவது நிக்கான்காரர்களுக்கு நல்ல வசதி. எடையில் நிலைமை தலைகீழ்: பேட்டரி, கார்டோடு டி7200 765 கிராம், இசட்6 675, எக்ஸ்-டி3 539. லென்ஸையும் சேர்த்து நாள் முழுக்கத் தோளில் சுமந்தால் அந்த 200 கிராம் நன்றாகவே தெரியும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு நான் எடுத்துச் செல்வது எக்ஸ்-டி3தான். நெரிசலில் சிறிய கேமரா யார் முகத்திலும் இடிக்காது. ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டுக்கும் மேலேயே தனித்தனித் திருகு இருப்பதால் மெனுவுக்குள் போகாமல் மாற்றலாம். வழிநெடுகத் தேங்காய் உடைபடும். இளநீரும் தண்ணீரும் எங்கிருந்து தெறிக்கும் என்று தெரியாது. பாடி ஈரம், தூசி தாங்கும். பலரும் அதோடு சேர்த்து வாங்கும் 18-55 லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 16-80 மி.மீ. எஃப் 4 லென்ஸில் அது உண்டு. இரவு நிகழ்ச்சிகளில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை அணைத்துவிடுங்கள். எல்இடி சீரியல் விளக்குகளின் கீழ் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். மிரர்லெஸ் இரண்டுக்கும் இது பொருந்தும்.

நட்சத்திரம் எடுக்க ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் போகலாம். 2.3 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியிருக்கிறார்கள் என்பதே வானம் எவ்வளவு கருப்பு என்பதற்குச் சான்று. ஆய்வகத்தின் அருகே டார்ச் விளக்கு வேண்டாம். எக்ஸ்-டி3இல் சம்யாங் 12 மி.மீ. எஃப் 2 லென்ஸ், 20 நொடி, ஐஎஸ்ஓ 3200. இதற்குமேல் பெரிய செலவு தேவையில்லை.

செலவு என்றதும் லென்ஸ் பொருத்தம் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் நிக்கான் வைத்திருக்கும் பலரிடம் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் இருக்கும். ஃபோகஸ் மோட்டார் அந்த லென்ஸுக்குள் இல்லை. டி7200இன் பாடியில் இருக்கிறது. பழைய நிக்கான் லென்ஸ்களை இசட்6இல் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். “பழைய லென்ஸ் எல்லாம் வேலை செய்யும்” என்ற வாக்கை நம்பி மாறுவதற்கு முன் ஒவ்வொரு லென்ஸையும் கடையில் மாட்டிப் பாருங்கள். இசட்6க்கு ஒரே ஒரு கார்டு இடம், அதுவும் விலை கூடிய எக்ஸ்கியூடி வகை. பின்னர் வந்த ஃபர்ம்வேரில் சிஎஃப் எக்ஸ்பிரஸும் ஏற்கிறது. மற்ற இரண்டிலும் இரண்டு எஸ்டி கார்டு. திருமணம் எடுத்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: நல்ல நிலையில் உள்ள பழைய டி7200, அந்த 50 மி.மீ., பிறகு 70-300. ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். 1,50,000 வரை சோதிக்கப்பட்டது அது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸ்கள்தான் அதிகம் கெடுகின்றன. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்; ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். தெருவும் முகங்களும் திருவிழாவும் பிடித்தவருக்கு எக்ஸ்-டி3. என்னைப் போலக் கோயில் கோயிலாகத் தூண்களைத் தேடிப் போகிறவருக்கு இசட்6, வேறு யோசனை வேண்டாம்.

நான்காவது பாடி வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தப் பணத்தில் இசட் மவுண்டுக்கான 40 மி.மீ. எஃப் 2 லென்ஸ் வாங்கப் போகிறேன். 170 கிராம்தான், எஃப் 4ஐவிட இரண்டு ஸ்டாப் அதிக ஒளி. மண்டபத்தில் பூக்கட்டுபவர்களின் முகத்தையும் தூணையும் ஒரே கேமராவில் எடுக்க அது போதுமா என்பதை விரிஞ்சிபுரத்தில் கார்த்திகைக் கடை ஞாயிறு முடிந்த பிறகு எழுதுகிறேன்.